ஆறு கங்காரு எலிகளின் பின்னங்கால்

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அக்காவுக்கு வேலை போகப்போகிறது என்பது, காலை எட்டரைக்கு அவர் என் மேசையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தபோதே எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. வேலையைப் போக்கப்போகிற அறிக்கையை எழுதியது நான்தான்.

“சூடு ஆற முதல் சாப்பிடும் பிள்ளை. புட்டும் கத்தரிக்காயும்,” என்றார். “எனக்கு இண்டைக்கு விரதம். பதினொண்டுக்கு டெர்மின். அது முடிஞ்சாப்பிறகுதான் வாயில தண்ணி.”

அந்தச் சந்திப்புக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மற்ற நாட்களில் கழற்றி வைத்துவிட்டு வரும் தோடும் காதில் இருந்தது. நான் டப்பாவைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன், கணினித் திரையைப் பார்த்தேன். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. “தேங்க்ஸ் அக்கா, அப்புறமா சாப்பிடுறேன்,” என்றேன்.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். ஜெர்மனியின் எசன் நகரத்திலிருந்து தினமும் ரயிலில் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருவார். பதினாறு வருஷம் இதே கட்டிடத்தின் தரையைத் துடைத்தவர். துப்புரவு வேலையை வெளியாட்களிடம் கொடுத்தபோது, சேகரிப்புப் பிரிவில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டார். அதற்கு வேண்டிய சான்றிதழைச் சமையலறை மேசையில் படித்தே வாங்கியிருந்தார். கொடுத்தார்கள், ஆறு மாதம் ப்ரோபட்சைட், தகுதிகாண் காலம் என்று. அந்த ஆறு மாதத்துக்குள் காரணம்கூடப் பெரிதாகச் சொல்லாமல் அனுப்பிவிடலாம். அந்தக் கெடு முடிகிற வாரம் அது. கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். விழாவிட்டால், திரும்பிப் போகத் துடைக்கிற வேலையும் இல்லை.

நான் இந்தியாவிலிருந்து வந்தவள். பாளையங்கோட்டைப் பக்கம். வயல் எலிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினேன். “எலி பிடிக்க இங்க ஆளில்லையா, இதுக்கு ஜெர்மனிக்குப் போகணுமா?” என்று அம்மா இன்னமும் போனில் கேட்கிறாள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்திருந்தேன், அதை நீட்டிக்க வேண்டிய நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் வாரமே அக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்து, “தமிழோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் பிள்ளை. வாரம் ஒரு டப்பா. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே சொந்தம் என்று சொன்னால் அது மிகையில்லை.

நடந்தது இதுதான். அதற்கு முந்திய திங்கட்கிழமை, நிலவறையில் சூடேற்றும் குழாய் ஒன்று கசிந்து ஒரு அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எப்போதும்போல முதல் ஆளாக வந்த அக்கா, நனைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அதில் ஒன்றில் கங்காரு எலிகள் இருந்தன. பதினான்கு.

பெயரில் கங்காருவும் இருக்கிறது, எலியும் இருக்கிறது. கங்காருவுக்கு அது சொந்தமே இல்லை, நம் வீட்டு எலிக்கும் தூரத்து உறவுதான். அமெரிக்கப் பாலைவனத்துப் பிராணி. கையளவு உடம்பு, அதைவிட நீளமான வால், வால் நுனியில் குஞ்சம். முன்னங்கால்கள் சின்னவை, பின்னங்கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அந்த இரண்டு காலில்தான் தாவித் தாவிப் போகும். கன்னத்துக்கு வெளியே மயிர் வைத்த பை இருக்கும், அதில் விதைகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காமலே காலம் தள்ளிவிடும். அப்படிப்பட்ட பிராணி, செத்துப் பஞ்சு அடைக்கப்பட்டு எத்தனையோ வருஷம் கழித்து, ஜெர்மனியில் தண்ணீரில் ஊறியது.

அந்தப் பதினான்கும் முன்னொரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து பரிமாற்றமாக வந்தவை. உள்ளே எலும்பில்லை, பஞ்சுதான். கால்களில் மட்டும் எலும்பை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் நூலால் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எண், பிடித்த இடம், இனத்தின் பெயர், பிடித்த கையோடு பிடித்தவர் எடுத்த அளவுகள். சீட்டு போனால் அது வெறும் தோல். எங்கள் தொழிலில் விலங்கைவிடச் சீட்டுக்குத்தான் மரியாதை.

தண்ணீரில் ஆறு சீட்டுகளின் நூல் இற்றுப்போய்க் கழன்றுவிட்டது. அக்கா அந்த ஆறையும் புது நூலால் அங்கேயே கட்டிவிட்டார். கழன்ற சீட்டை இரண்டு பேர் சேர்ந்து பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்று எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. அவர் தனியாகக் கட்டினார். கேட்டபோது மறைக்கவும் இல்லை.

“மை கரைஞ்சு கொண்டிருக்குது பிள்ளை. நான் ஆளைப் பாத்துக்கொண்டு நிண்டால் பேரே இல்லாமல் போயிருக்கும்,” என்றார் என்னிடம். “ஒவ்வொண்டும் தன்ரை காலுக்குக் கிட்டத்தான் கிடந்தது. கிடந்தபடியே கட்டினனான். ஒண்டையும் மாத்தேல்லை.”

பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிற வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். என்னைக் கூப்பிட்டார். அந்த இழுப்பறையில் இரண்டு இனங்கள் கலந்து இருந்தன. அதில் ஒன்றின் தோலிலிருந்து சின்னத் துண்டு வெட்டி மரபணு பார்க்க, வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் கேட்டிருந்தார்கள். சீட்டு மாறியிருந்தால் தவறான விலங்கை வெட்டிக் கொடுத்து, தவறான பெயரில் அவர்கள் கட்டுரையும் எழுதிவிடுவார்கள். “யார்மேலும் குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை. சீட்டுகள் சரியா என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அவருடைய விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும்,” என்றார்.

நான் பெருமையாகத்தான் தலையாட்டினேன். எலி என்றால் என்னைக் கேட்கிறார்கள் என்று.

சும்மா பார்த்துப் பிரிக்க முடிகிற எலிகள் இல்லை அவை. கங்காரு எலிகளில் சில இனங்களுக்குப் பின்னங்காலில் நான்கு விரல், சிலவற்றுக்கு ஐந்து. அந்த ஐந்தாவது, கடுகளவில் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இழுப்பறையில் இருந்த இரண்டு இனத்துக்குமே ஐந்து, ஆகவே விரலை எண்ணிப் பயனில்லை. வாலின் அடிப்பக்கத்துக் கறுப்புக் கோட்டை வைத்துப் பார்க்கலாம் என்றால், நிறம் வெளிறி எல்லாம் ஒரே மண் நிறமாகியிருந்தது. இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் கீழ்ப்பல்லில் இருக்கிறது. ஒன்றுக்கு உளி மாதிரி தட்டை, மற்றதற்கு உருண்டை. ஆனால் மண்டையோடுகள் தனிப் பெட்டிகளில் எண் போட்டு இருந்தன. சீட்டிலுள்ள எண்ணை வைத்துத்தான் மண்டையோட்டைத் தேட முடியும். சீட்டின் மேலேயே சந்தேகம் என்றால் பல் என்ன சொல்லும்?

மிஞ்சியது அளவு. பஞ்சு அடைத்த உடம்பு நீளும், குறுகும். காது காய்ந்து சுருளும். வால் நுனி ஒடியும். எலும்போடு இருக்கிற பின்னங்கால் மட்டும் அத்தனை வருஷமானாலும் பெரிதாக மாறாது. ஆறு விலங்கின் பின்னங்காலையும் அளந்து, அதனதன் சீட்டில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுவது. வேலை அவ்வளவுதான்.

கையுறை போட்டுக்கொண்டு, குதிகாலிலிருந்து விரல் நுனிவரை, என் சொந்த அளவுகோலால் அளந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. ஆறில் ஒன்றுகூடத் தன் சீட்டோடு பொருந்தவில்லை. சீட்டில் நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் என்று இருந்தது, எனக்கு நாற்பத்திரண்டு வந்தது. நாற்பத்திரண்டு என்று இருந்ததற்கு நாற்பது வந்தது. ஆனால் ஒரு விலங்கின் கால் பக்கத்து விலங்கின் சீட்டோடு அழகாகப் பொருந்தியது. அதன் கால் அதற்கும் அடுத்ததன் சீட்டோடு. ஆறு சீட்டும் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருக்கின்றன என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. எல்லாவற்றிலும் சின்னக் கால் ஒன்று மட்டும் எந்தச் சீட்டோடும் ஒட்டவில்லை. அது நனைந்து காய்ந்ததில் சுருங்கியிருக்கும் என்று அடிக்குறிப்பு எழுதினேன். மற்ற ஐந்தும் ஏன் சுருங்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அளவு பொருந்தாதபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. பதினாறு வருஷம் தரை துடைத்தவர், ஈரக் கையோடு, அவசரத்தில், லத்தீன் பெயர் எழுதிய சீட்டுகளைக் கட்டியிருக்கிறார், மாற்றித்தான் கட்டியிருப்பார் என்று அளக்கும் முன்பே எனக்குள் ஒருத்தி முடிவு கட்டிவிட்டாள். வாரா வாரம் அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டே அப்படி நினைத்தேன். அப்போது அதை நான் நினைப்பு என்றுகூட எண்ணவில்லை, அனுபவம் என்று எண்ணினேன்.

எங்கள் வழக்கப்படி, சந்தேகத்தைக் குறித்து ஒரு சின்னச் சீட்டு எழுதி அந்த ஆறின் காலிலும் கட்டினேன். சீட்டு மாறியிருக்கிறது, சரிபார்த்தவர் இன்னார், தேதி. வியாழன் நான்கு மணிக்கு அறிக்கை போனது. ‘மறுபடி கட்டப்பட்ட ஆறு சீட்டுகளில் ஒன்றுகூட அந்தந்த விலங்கின் அளவோடு பொருந்தவில்லை’ என்று முதல் வரி. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

வெள்ளி காலை பத்து மணிக்குத் தலைவரிடமிருந்து போன். “அறிக்கை தெளிவாக இருக்கிறது. ஒரு சின்ன உதவி. சீட்டு கழலாத ஒன்றையும் அளந்து ஒரு படம் எடுத்துத் தாருங்கள். சரியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டினால், நியாயமாக இருக்கும்.”

தலைவர் கேட்டது ஒரு படம்தான். நிலவறைக்குப் போய் இழுப்பறையை இழுத்தேன். சீட்டு கழலாத எட்டும் ஒரு வரிசையில் கிடந்தன. பழைய நூல், பழுப்பேறிய முடிச்சு, யாரும் தொட்டதற்கு அடையாளமே இல்லை. முதலாவதை எடுத்து அளவுகோலை வைத்தேன்.

சீட்டில் நாற்பத்து மூன்று. எனக்கு நாற்பத்தொன்று.

கை சரியாக வைக்கவில்லை என்று மறுபடி வைத்தேன். நாற்பத்தொன்று. அடுத்ததை எடுத்தேன். அதிலும் இரண்டு குறைந்தது. மூன்றாவது. நான்காவது. கடைசிவரை விடாமல் அளந்தேன். எட்டு விலங்கு, எட்டிலும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் குறைவு. இவற்றை அக்கா தொடவே இல்லை. இவற்றின் சீட்டு மாறவே வழியில்லை.

அளவுகோல் கெட்டுவிட்டதா? அதைச் சரிபார்க்கக் கூடவே இருந்த அளவுக் கட்டையை அளந்தேன், மயிரிழை பிசகவில்லை. அப்போது கையிலிருந்த காலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். விரல்களுக்கு முன்னால், மெல்லியதாக, நீளமாக, நகங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

நகம். அமெரிக்காவில் பாலூட்டிகளின் பின்னங்காலை நகத்தின் நுனிவரை அளப்பார்கள். ஐரோப்பாவில் நகத்தை விட்டுவிட்டு, சதை முடிகிற இடத்தோடு நிறுத்துவார்கள். எனக்குப் பாடம் சொன்னவரும் ஐரோப்பிய முறைக்காரர், இந்தக் கட்டிடத்தில் எல்லாரும் அப்படித்தான், என் கையும் நினைக்காமலே நகத்துக்கு முன்னால் நின்றுவிடும். தெரியாத விஷயம் இல்லை. முதல் வருஷத்திலேயே படித்தது, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியது. அந்தச் சீட்டுகள் அமெரிக்காவில் எழுதப்பட்டவை என்பது அவற்றின் தலைப்பிலேயே அச்சடித்திருந்தது.

மணி பத்து இருபது. ஆறு விலங்குகளும் தட்டில் பக்கத்திலேயே இருந்தன, காலில் அக்காவின் புது நூல், அதற்குக் கீழே என் சீட்டு. நகத்தோடு சேர்த்து அளந்தேன். நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கு. நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. அரை மில்லிமீட்டர் இங்கே அங்கே. எந்தச் சீட்டோடும் ஒட்டாமல் நான் சுருங்க வைத்த அந்தச் சின்னக் காலும் தன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறும் சரி. அக்கா ஒன்றையும் மாற்றவில்லை.

பத்து நாற்பது. இப்போது நேராக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஒரு நிமிஷமோ இரண்டோ, அளவுகோலை உறையில் போட்டு மூடிக்கொண்டு நின்றேன். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா இல்லையா என்று சொல்லப்போகிறவரும் அதே மனிதர். இங்கே வந்து நான் தனியாகக் கையெழுத்திட்ட முதல் அறிக்கை அது. ‘கூடுதல் அளவீட்டின் அடிப்படையில் முடிவைத் தள்ளிவைக்கலாம்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதாதா? தப்பு என்ற சொல்லே இல்லாமல் எழுதிவிடலாம். மனதுக்குள் அதை ஜெர்மனில் எழுதியும் பார்த்தேன். வாக்கியம் நன்றாகவே வந்தது, அதுதான் பயமாக இருந்தது. அக்கா தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

தலைவரின் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடி. லிஃப்டில் யாரோ ஒரு பெரிய பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியில் ஏறினேன். கையுறையைக் கழற்ற மறந்து கைப்பிடியைப் பிடித்து, பழைய தோல்களில் நஞ்சு தடவியிருப்பார்கள் என்பது நினைவு வந்து கழற்றிப் பையில் திணித்து, மூச்சு வாங்க மேலே போனால், பத்து ஐம்பதுக்கே கதவு மூடியிருந்தது. அக்கா எங்கும் கால் மணி முன்னதாகப் போய் நிற்பவர். வெளியே காக்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே மூடிய கதவுக்குப் பின்னால் டெர்மின் நடந்தால் யாரும் தட்ட மாட்டார்கள். தட்டினேன். பதில் வரும் முன்னே திறந்தேன்.

தலைவர் இருந்தார், ஊழியர் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி இருந்தார், எதிரே அக்கா. மேசையில் என் அறிக்கை, பெயர் இருந்த கடைசிப் பக்கம் அடியில் இருக்க. அக்காவின் முன்னால் வேறொரு தாள், அதன்மேல் ஒரு பேனா. தானாகவே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் நீக்கப்பட்டதாகப் பதிவாகாது என்று சொல்லி நீட்டுவார்களே, அந்தத் தாள். அக்காவின் முகம் வெளிறியிருந்தது. என்னைக் கண்டதும் அது கொஞ்சம் தெளிந்தது.

அவர்களைப் பார்த்து ஜெர்மனில் சொன்னார்: “இவவைக் கேளுங்கள். இவவுக்கு எலி தெரியும், என் வேலையும் தெரியும். நான் மாற்றிக் கட்டவில்லை என்று இவ சொல்லுவா.”

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அறிக்கை தவறு,” என்றேன். “அளந்ததில் நான்தான் பிழை விட்டேன். சீட்டில் நகத்தோடு அளந்திருக்கிறார்கள், நான் நகமில்லாமல் அளந்தேன். ஆறு சீட்டும் சரி. இந்த நிமிஷம் வந்து பார்க்கலாம்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “எத்தனை விலங்கை அளந்தீர்கள்?” என்றார்.

“ஆறு.”

“இழுப்பறையில் பதினான்கு இருக்கின்றனவே. எல்லாவற்றையும் அளந்திருந்தால் அரை மணியில் தெரிந்திருக்கும். ஏன் ஆறு மட்டும்?”

கேள்வி எளிமையானது. நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறைத்தான் கேட்டீர்கள் என்றும் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் அப்படிக் கேட்கவில்லை, சீட்டுகள் சரியா என்றுதான் கேட்டிருந்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் கட்டியவை அந்த ஆறுதான்,” என்றேன். “அதனால் அவற்றை மட்டும் அளந்தேன்.”

ஊழியர் பிரிவுப் பெண்மணி மெதுவாக அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்கா அதைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, அந்த அறையில் மற்றவர்களுக்குப் புரியாத மொழியில், அறிக்கையைக் காட்டித் தணிந்த குரலில் கேட்டார்.

“உதை எழுதினது நீரோ பிள்ளை?”

“ஆமாக்கா,” என்றேன்.

அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடி, மேசையில் நேராக வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை, ஆகவே நானும் அடக்கிக்கொண்டேன்.

நான்கு பேரும் நிலவறைக்கு இறங்கினோம். தலைவர் தானே அளவுகோலைப் பிடித்தார், நகத்தோடு. பதினான்கையும் அளந்தார். அன்று மாலைக்குள் அக்காவின் நிரந்தரக் கையெழுத்து விழுந்துவிட்டது. தனியாகக் கட்டியதற்கு ஒரு வாய்மொழி எச்சரிக்கை, அவ்வளவுதான். எனக்கு, அறிக்கையைத் திருத்தி அனுப்புங்கள் என்ற ஒரு வரி. என் ஒப்பந்தத்தைப் பிறகு நீட்டித்தார்கள்.

புட்டை நான் சாப்பிட்டேன். ஆறிப்போய் உதிர்ந்திருந்தது, ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை டப்பாவைக் கழுவி, வெறுமனே தரக்கூடாது என்று இரண்டு ஆப்பிளை உள்ளே வைத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் பார்த்தால் ஆப்பிள் இரண்டும் என் மேசையில் இருந்தன, டப்பா போயிருந்தது. நடைவழியில் மறித்து, “அக்கா, மன்னிச்சிடுங்க. ஒரு நிமிஷம் பேசணும்,” என்றேன். அவர் நின்று, மரியாதையாகக் கேட்டுவிட்டு, “இஸ்ட் இன் ஓர்ட்நுங்,” என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அதற்குப் பொருள். ஜெர்மனில் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒருமுறை கட்டிய சீட்டைப் பிழையென்று தெரிந்தாலும் அவிழ்க்கக் கூடாது. பிழையை மறைக்காமல், பக்கத்தில் இன்னொரு சீட்டு கட்ட வேண்டும். ஆகவே ‘சீட்டு மாறியிருக்கிறது’ என்று நான் எழுதியது அந்த ஆறின் காலிலும் இப்போதும் என் பெயரோடு இருக்கிறது, நான் இங்கிருந்து போன பின்னும் இருக்கும். ‘மேற்கண்டது தவறு, சீட்டு சரி’ என்று ஆறு திருத்தச் சீட்டுகள் எழுதினேன். திருத்தச் சீட்டைக் கட்டுவது உதவியாளரின் வேலை. அதற்கும் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது விதி.

அக்கா கையுறை போட்டுக்கொண்டு வந்தார். தட்டைப் பார்த்தார், நான் நீட்டிய சீட்டுகளைப் பார்த்தார், வாங்கவில்லை.

“பதினான்கையும் அளந்தீர்களா, ஃபிராவ் டொக்டர்?” என்று ஜெர்மனில், என் பட்டத்தைச் சொல்லி விளித்துக் கேட்டார்.

தலைவர் அளந்தபோது அக்காவும் பக்கத்தில்தான் நின்றார். ஆனாலும் இழுப்பறையை முழுவதும் இழுத்து, முதல் விலங்கிலிருந்து தொடங்கினேன். குதிகாலிலிருந்து நகத்தின் நுனிவரை. ஒவ்வொன்றாக அளவைச் சத்தமாகச் சொன்னேன், அவர் குனிந்து சீட்டில் இருப்பதைப் படித்துச் சரிபார்த்தார். பதினான்காவது முடிந்த பிறகுதான் நூலைக் கையில் எடுத்தார்.